மாதிரி எண் பதினேழு

நாமகிரிப்பேட்டையிலிருந்து பாலித்தீன் பையில் வந்த இலை
வழியெல்லாம் வியர்த்திருந்தது.
மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாய்,
ஓரம் சுருண்டு ஒருபக்கம் இழுத்துக்கொண்டு.
கூடவே நோட்டுத்தாளில் நாலு வரி:
"ஆபீஸ் குச்சி ஒருபக்கம், வையாபுரி குடுத்த குச்சி
ஒருபக்கம் போட்டனுங்க. இப்பக் காடே தேமலு.
இது யாரு காட்டுல இருந்து வந்துச்சுன்னு
பாத்துச் சொல்லோணும். – பொங்கியண்ணன்."

என்ன நோய் என்று அவர் கேட்கவில்லை.
குச்சிக்கிழங்கு போட்ட யாருக்கும் அது தெரியும்.
சேகோ ஆலையில் பாயிண்ட் பார்த்து விலை சொல்லும்போது
மாவு எவ்வளவு செத்ததென்றும் தெரியும்.
அவருக்கு வேண்டியது ஒரு பெயர்.
அது பங்காளி வையாபுரியின் பெயராய் இருந்தால்
இன்னும் நல்லது.

பன்னிரண்டாம் நாள் வரிசை வந்தது.
இரண்டாயிரத்து எழுநூற்று ஐம்பத்தெட்டு எழுத்து.
நாலே எழுத்தைப் புரட்டிப் புரட்டி
மூன்று ஏக்கரைத் தின்னும் சிக்கனம்.
முதலும் முடிவும் இல்லாத வட்டம் அது;
வாசிக்க வேண்டுமானால் எங்காவது வெட்டத்தான் வேண்டும்.
இந்தக் குடும்பத்தில் மாறாத ஒன்பது எழுத்து உண்டு,
டி ஏ ஏ டி ஏ டி டி ஏ சி.
அங்கே வெட்டி, விரித்து,
உலாவியின் வெள்ளைப் பெட்டியில் ஒட்டினேன்.
பக்கத்தில் வையாபுரி காடு, சேந்தமங்கலம், ஆத்தூர்,
கேரளத்து இரண்டு,
இடம் இருக்கிறதே என்று எங்கள் பண்ணையின் பழைய இலை ஒன்று.
'ஒப்பிடு' பொத்தானை அழுத்தினேன்.
கரண்ட் போனது.

மறுபடி அழுத்தினேன்.

மேல் வரி முழு எழுத்தில் வந்து நின்றது.
கீழ் வரிகளில் ஒத்த இடமெல்லாம் வெறும் புள்ளி;
மாறிய இடத்தில் மட்டும் ஓர் எழுத்து,
சிவப்பிலோ நீலத்திலோ.
நம் எழுத்தில் புள்ளி வைத்தால் உயிர் போய்விடும்,
மெய் நிற்கும்.
இலைக்கு வெளியே உயிரென்று சொல்ல முடியாத ஒன்றின்
மெய்யைத் தேடித்தான்
நானும் சுட்டியை நகர்த்திக்கொண்டு போனேன்.

வையாபுரி வரியில் நூற்று நாற்பது எழுத்து வேறு.
வைரஸ் கணக்கில் அவர்கள் பங்காளிகளே இல்லை.
சேந்தமங்கலம் அறுபத்திரண்டு.
கடைசி வரிக்கு வந்தேன்.
புள்ளி. புள்ளி.
திரையை வலப்பக்கம் தள்ளத் தள்ளப் புள்ளி.
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டில் ஒரு ஜி
யாரோ தெரியாமல் சிந்தியதுபோல்.
அப்புறம் மறுபடி புள்ளி.
மொத்தம் மூன்று எழுத்து.

கிளைப்படத்தில் ஒரே கவட்டையில் இரண்டு நுனி:
பதினேழும், எங்கள் பண்ணையின் மூன்றாம் பாத்தியும்.

"மூணு எழுத்த வெச்சு என்ன சொல்லிட முடியும்?" என்றார்
டாக்டர் மரகதவல்லி, கண்ணாடியைத் துடைத்தபடி.
"வெள்ளை ஈ பறக்காதா?
அங்கிருந்து இங்க வந்திருக்கக் கூடாதா?"
கூடும். கவட்டை எது முந்தி என்று சொல்லாது.
அருகில் என்று மட்டும் சொல்லும்.
பதிவேடுதான் சொன்னது:
எங்கள் இலையைக் கிள்ளியது மார்கழி.
அதன் முடிவு வந்தது சித்திரை.
நடுவில் ஒரு தை மாதம்,
நோயற்றது என்று சீட்டுக் கட்டி
ஐம்பது ஐம்பதாய்க் குச்சி கொடுத்தோம்.
நாற்பத்தோராவது பெயர் பொங்கியண்ணன்.
கொடுத்தவர் கையெழுத்து: ப. தேன்மொழியாள்.
அது நான்.

அறிக்கை எழுத மூன்று வரி போதும்.
இரண்டு நாள் ஆனது.

போனில் அவரே முந்தினார்:
"வையாபுரி காடுதானுங்களே?"
இல்லைங்க என்றேன்.
பின்னால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.
எங்களுதுங்க என்றேன்.
கேட்கவில்லை போல; மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார்.
மறுபடி சொன்னேன், அதே இரண்டு சொல்,
இந்த முறை எதுவும் ஓடவில்லை.

திட்டுவார் என்று காத்திருந்தேன்.
"ஏழு மாசமாப் பேச்சு வார்த்தை இல்லீங்க,
வரப்புல பாத்தாக்கூட மூஞ்சியத் திருப்பிக்குவேன்" என்றார்.
அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
"அவங்கிட்ட
நானேதான் சொல்லோணுமுங்களா?"